இடது பக்கம் வராது

ஜனவரி 12, ஞாயிறு

தூத்துக்குடி போய் வந்தேன். காலை ஆறரை பஸ். குதிகால் வலி விட்டபாடில்லை. பள்ளிக்கூடத்து கேலரியில் மூன்று படி ஏறி உட்கார்வதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் வெயில் என்று நினைத்துக் குடையைச் சாய்த்துப் பிடித்தார்.

நம் மகளிர் கல்லூரி கூடைப்பந்து அணிக்கு ஆள் பார்க்கும் வேலை பன்னிரண்டு வருடமாக என் தலையில். மிளகாய் வத்தல் வியாபாரிக்கும் பந்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதவர்கள் விருதுநகரில் குறைவு. கல்லூரியை நடத்துவது வியாபாரிகள் சங்கம். விளையாட்டுக் கமிட்டிக்கு யாரும் வரவில்லை, நான் போனேன். எனக்குப் பந்து ஆடத் தெரியாது. மூட்டையைப் பிரித்து மேலே ஒரு கை அள்ளினால் அடியில் என்ன கிடக்கிறது என்று சொல்லத் தெரியும். லோடு இறக்கிய காலத்தில் கற்றது. அந்தக் கண்ணை வைத்துத்தான் இங்கேயும் ஓட்டுகிறேன்.

இந்த வருடம் மூன்று பிள்ளைகள் படிப்பு முடிந்து போகிறார்கள். படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் இலவசமாகக் கொடுக்கிற இடம் ஒன்றே ஒன்று. அதற்கு ஆள் வேண்டும்.

ஒன்பதாம் நம்பர் சட்டை. பிளஸ் டூ படிக்கிறாள். பெயர் உச்சிமாகாளி. ஐந்தடி ஒன்பது அங்குலம் இருப்பாள். ஒரு பிள்ளை இவள் கொடுத்த பந்தைத் தவற விட்டது. அடுத்த பந்தையும் அதற்கே கொடுத்தாள். மறுபடி தவற விட்டது. மூன்றாவதையும் அதற்கே கொடுத்தாள். இந்த முறை கூடைக்குள் விழுந்தது. எல்லாரும் பந்து போட்ட பிள்ளையைப் பார்த்துக் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. இப்படி ஒரு பிள்ளையைப் பார்த்து எத்தனையோ வருடம் ஆகிறது.

சென்னையில் ஒரு கல்லூரிக்கு ஆள் பிடிக்க வரும் ரகோத்தமன் முதல் வரிசையில் எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்தான், வியாபாரம் தெரியாது.

ஆட்டம் முடிந்து அவளுடைய அப்பாவைப் பிடித்தேன். ஐயாக்குட்டி, உப்பளத்தில் வேலை. உள்ளே வர டிக்கெட் உண்டு என்று நினைத்து, கம்பி வேலிக்கு வெளியிலேயே நின்று முழு ஆட்டத்தையும் பார்த்திருக்கிறார். பிள்ளையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார். ரகோத்தமன் காதுபட நின்றுகொண்டிருந்தார். நான் உதட்டைப் பிதுக்கினேன்.

“எலும்பு மெலிசு. இடது பக்கம் வராது. பார்ப்போம்” என்றேன்.

அவள் நாலடி தள்ளி நின்று பாட்டிலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

ஐயாக்குட்டி தலையை ஆட்டிக்கொண்டார். “எடம் கெடைச்சா படிக்கட்டும் அண்ணாச்சி. இல்லைன்னா உப்பு பாக்கெட் போடுத ஷெட்டுல சொல்லி வச்சிருக்கேன். அடுத்த வருசம் ஒரு இடத்துல கட்டிக் குடுத்திரலாம்.”

ஜனவரி 13, திங்கள்

கோச் தெரசிடம் போனில் விவரம் சொன்னேன். இவள்தான் வேண்டும் என்றேன். பிறகு ஏன் அவள் அப்பாவிடம் குறை சொல்லிவிட்டு வந்தீர்கள் என்று கேட்டது அந்தம்மா. எப்படி விளக்குவது. சரக்கு பிடித்துவிட்டால் முதலில் முகத்தை மூட வேண்டும். நல்லா இருக்கு என்று எவன் வாய் திறக்கிறானோ அவன் கையை விட்டுப் போயிற்று என்று அர்த்தம். பக்கத்தில் நிற்கிறவன் உஷாராவான், சரக்குக்காரன் இன்னும் என்ன கேட்கலாம் என்று யோசிப்பான். நாற்பது வருடம் இதில்தான் சாப்பிடுகிறேன்.

இரவுச் சாப்பாட்டில் பொன்னுத்தாயிடமும் இதைச் சொன்னேன். “கல்யாணம் ஆகி முப்பத்தாறு வருசம். நான் வச்ச ஒரு கொழம்பை நல்லாருக்குன்னு சொல்லியிருக்கீங்களா?” என்றாள். அது வேறு, இது வேறு.

ஜனவரி 29, புதன்

கோடவுன் ஓட்டில் ஒழுக்கு. ஆள் வைத்து நாற்பது மூட்டையை இடம் மாற்றினோம். குதிகாலுக்கு எண்ணெய்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மறுபடி தூத்துக்குடி. ஐயாக்குட்டி வீட்டுக்கே போனேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வாசலில் நின்றால் உப்பு மேடு தெரியும். வெயிலில் கண் கூசுகிறது.

ரகோத்தமன் எனக்கு முன்பே வந்து போயிருக்கிறார். இப்படி ஒரு பிள்ளை தமிழ்நாட்டில் கிடையாது, இந்தியாவுக்கே ஆடுவாள் என்றெல்லாம் சொன்னாராம். ஐயாக்குட்டிக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. உள்ளதைச் சொன்னது நீங்கள்தான், குறை தெரிந்து எடுக்கிறவர்தான் பாதியில் திருப்பி அனுப்பமாட்டார் என்றார். நான் போட்ட கணக்கும் இதுதான். காட்டிக்கொள்ளவில்லை.

பத்தாம் வகுப்பு மார்க் லிஸ்ட், விளையாட்டுச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் வைத்துக் கொடுத்தார். அத்தனையும் ஒரிஜினல். நகல் போதும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரிஜினல் நம்மிடம் இருந்தால் வேறு கல்லூரி வாசல் ஏற முடியாது. பத்திரமாக இருக்கும் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். அதுவும் பொய் இல்லை.

பிள்ளை வீட்டில் இல்லை. மைதானத்தில் இருக்கிறாளாம். இப்போதெல்லாம் விடியும் முன் போனால் பள்ளிக்கூட மணி அடிக்கும்போதுதான் வருகிறாளாம், ஞாயிற்றுக்கிழமை சோற்றுக்கும் வருவதில்லையாம். பரீட்சை நேரத்தில் இது என்ன பைத்தியம் என்று குறைப்பட்டார்.

மார்ச் 4, செவ்வாய்

பிளஸ் டூ பரீட்சை ஆரம்பம். மழை இல்லாத மாதத்தில் மழை. காயப்போட்ட வத்தல் நனைந்தது. வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 29, சனி

இன்று நம் கல்லூரி மைதானத்தில் தேர்வு. பதினெட்டுப் பிள்ளைகள். சங்கச் செயலாளரும் வந்து உட்கார்ந்திருந்தார். அவரிடம் ஒரு வாரமாக இந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்லி வைத்திருந்தேன். நல்லது என்று சொல்லவில்லை, பார்க்கலாம் என்றுதான். நான் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும்.

மானம் போயிற்று. வலது பக்கம் ஆளே இல்லாமல் திறந்து கிடக்கிறது, இவள் இடது பக்கமாகவே போய் நெரிசலில் மாட்டுகிறாள். கூடைக்கு நேர் கீழே நின்று இடது கையால் தூக்கிப் போட்டு எட்டுப் பந்து வீண். எண்ணினேன், எட்டு. ஏன் இப்படி ஆடுகிறாள் என்று தெரசுக்கும் பிடிபடவில்லை.

அதோடு விட்டாளா. ஆட்டம் முடிந்து நாங்கள் உட்கார்ந்திருந்த மேசைக்கு வந்தாள். அப்பா கொடுத்து அனுப்பினார் என்று ஒரு மக்ரூன் பொட்டலத்தை நீட்டினாள். இடது கையால். செயலாளர் முன்னால், தெரஸ் முன்னால், என் முகத்துக்கு நேராக. வலது கை சும்மாதான் தொங்கிக்கொண்டிருந்தது.

செயலாளர் சிரித்தார். “என்ன அண்ணாச்சி, உங்க பிள்ளை உங்களுக்கு நல்ல மரியாதை குடுக்குது.”

மேசையில் வை என்றேன். வைத்துவிட்டுப் போனாள். போகும்போது ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள், நான் ஏதோ சொல்வேன் என்பதுபோல. என்ன சொல்ல இருக்கிறது.

குறை சொன்னேன் என்று வன்மம் வைத்திருக்கிறாள். ஆட்டம் இருக்கட்டும், இந்தத் திமிரை விடுதியில் யார் மேய்ப்பது.

பொன்னுத்தாய் மக்ரூனைத் தின்றுகொண்டே, “அத்தனை தூரம் உடையாமத் தூக்கிட்டு வந்திருக்கு பிள்ளை” என்றாள். நான் தொடவில்லை. சர்க்கரை இருக்கிறது.

ஏப்ரல் 7, திங்கள்

கமிட்டி கூடியது. தெரஸ் உச்சிமாகாளியை இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்க்கலாம் என்றது. ஒருநாள் ஆட்டத்தை வைத்து முடிவு செய்யவேண்டாம், அவளுக்கு ஏதோ நடந்திருக்கிறது என்றது. மரியாதை தெரியாத பிள்ளை வேண்டாம் என்று நான் சொன்னேன். செயலாளரும் ஆமாம் போட்டார். இடம் திண்டுக்கல் பிள்ளைக்கு. ஆறடி. கொஞ்சம் மந்தம், ஆனால் சொன்னதைக் கேட்கும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதன் அப்பா தையல்காரர், போனிலேயே அழுதுவிட்டார்.

ஏப்ரல் 22, செவ்வாய்

பொன்னுத்தாய்க்குக் கடைவாய்ப் பல் வலி. மதுரை போய்ப் பிடுங்கி வந்தோம்.

மே 9, வெள்ளி

நேற்று பிளஸ் டூ ரிசல்ட். கடை மேசை டிராயரில் ரப்பர் முத்திரையைத் தேடும்போது அடியில் அந்த ஃபைல் கிடைத்தது. மூன்று மாதமாக அங்கேதான் கிடந்திருக்கிறது. வேண்டாம் என்று முடிவான அன்றே அனுப்பியிருக்க வேண்டும். எடுக்காத சரக்கின் மாதிரியைக்கூட மறுநாளே திருப்பிவிடுகிறவன் நான். ஐயாக்குட்டியும் ஒரு போன் போட்டுக் கேட்கவில்லை.

தபாலில் அனுப்பலாம். தொலைந்தால் யார் பதில் சொல்வது.

மே 12, திங்கள்

கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். என்ன நடந்தது என்று எழுதத்தான் வேண்டும்.

மத்தியானம் ஒரு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். ஐயாக்குட்டி அளத்திலிருந்து சாப்பிட வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பிள்ளையைக் கல்லூரியில் என்றைக்குக் கொண்டுவந்து விடட்டும் என்று கேட்டார். பிள்ளைக்கு அறுநூறுக்கு நானூற்று முப்பத்தொன்று மார்க். நடுவில் ரகோத்தமன் இரண்டு தடவை ஆள் அனுப்பியிருக்கிறார். ஃபைல் அண்ணாச்சியிடம் இருக்கிறது, அண்ணாச்சிக்கு வாக்குக் கொடுத்தாயிற்று என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாராம். வேண்டாம் என்ற தகவல் அவருக்கு வந்துசேரவே இல்லை. தெரஸ் சொல்லியிருக்கும் என்று நான் நினைத்தேன், ஆள் கொண்டுவந்தவர் சொல்லியிருப்பார் என்று தெரஸ் நினைத்திருக்கிறது.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் வந்தாள். ஷெட்டிலிருந்து. ஒரு வாரமாகப் போகிறாளாம், கல்லூரி திறக்கும் வரைக்கும் என்று. கை கால் கழுவிவிட்டு வந்து எனக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தாள். இடது கையால் சோற்றைப் பிசைந்தாள்.

ஐயாக்குட்டி தலையில் அடித்துக்கொண்டார். “வந்தவுக முன்னாலயுமா? அந்தக் கைய எடு” என்று அதட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். “தை மாசத்துல இருந்து இந்தக் கூத்துதான் அண்ணாச்சி. பல்லு தேய்க்கது, தண்ணி கோருதது, தலை சீவுதது எல்லாம் நொட்டாங்கை. கோயில்ல துன்னூறுக்கும் அந்தக் கையத்தான் நீட்டுனா, பூசாரி ஏசிட்டாரு. பரீச்சை மட்டுமாவது ஒழுங்காக் கைய மாத்தி எழுதுன்னு கெஞ்சிக் கூத்தாடி அனுப்புனேன்.”

எதற்கு என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அவள் என்னைப் பார்க்கவில்லை, சோற்றைப் பார்த்தே சொன்னாள். “நீங்கதான சொன்னிய. இடது பக்கம் வராதுன்னு.”

வெளியே உப்பு லாரி ஒன்று பின்னால் வந்து திரும்பியது.

“இப்ப கொஞ்சம் வருது. விருதுநகர்ல அன்னைக்கு வரல. நீங்க பாக்கணும்னுதான் எல்லாத்தையும் அந்தப் பக்கமே போட்டேன்.”

மக்ரூன் பொட்டலத்தையும் அதற்காகத்தான் அந்தக் கையால் நீட்டினாயா என்று நான் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது.

“தாயி, உனக்கு இடது பக்கம் அன்னைக்கே வந்துச்சு” என்றேன்.

கை நின்றது. “பொறவு எதுக்கு அப்படிச் சொன்னிய?”

“நீ எங்களுக்கு வேணும்னு தோணிச்சு. அதனால சொன்னேன்.”

“வேணும்னா வேணும்னு சொல்ல மாட்டியளா?”

ஃபைலை எடுத்துக் கீழே வைத்தேன். இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்தாயிற்று என்று சொன்னேன். என் பேச்சைக் கேட்டுத்தான் கொடுத்தார்கள் என்பதையும் சொன்னேன்.

ஐயாக்குட்டி சண்டை போட்டிருக்கலாம். ஃபைலைப் பிரித்து ஒவ்வொரு தாளாகப் பார்த்தார், எல்லாம் இருக்கிறதா என்று. பிறகு மூடினார். “சரி அண்ணாச்சி. ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க” என்றார். சாப்பிட்டேன். மீன் குழம்பு. அவள் இரண்டு மணி ஆனதும் எழுந்து ஷெட்டுக்குப் போய்விட்டாள்.

மே 13, செவ்வாய்

செயலாளரிடம் போனேன். இன்னொரு இடம் கேட்டேன். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாகக் கேட்கிறேன் என்றேன். இடது கையால் கொடுத்த பிள்ளையா என்றார். நடந்ததைச் சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு இல்லை என்றார். திண்டுக்கல் பிள்ளையை நீக்கினால் உண்டு, நீக்கட்டுமா என்று கேட்டார். தையல்காரர் அழுதது காதில் இருக்கிறது. வேண்டாம் என்று எழுந்து வந்தேன்.

இரவு ரசம் நன்றாக இருக்கிறது என்று பொன்னுத்தாயிடம் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மே 17, சனி

ரகோத்தமனுக்குப் போன். இந்தப் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள், நான் பார்த்ததிலேயே இவள்தான் என்றேன்.

“அண்ணாச்சி, உண்மையச் சொல்லுங்க. முட்டி போயிடுச்சா?”

இல்லை என்றேன்.

“அப்ப மார்க்ல பிரச்சினையா? வயசு சர்டிபிகேட்டா? உங்களை எனக்குப் பன்னண்டு வருஷமாத் தெரியும். நீங்க ஒருத்தரை நல்லா ஆடுறாங்கன்னு சொல்லி நான் கேட்டதே இல்ல. நீங்களே பாராட்டித் தள்ளுறீங்கன்னா எனக்கு பயமா இருக்கு.”

அவர் இடத்தில் நான் இருந்தாலும் இதைத்தான் நினைப்பேன். வேண்டாத சரக்கைத்தானே வாய் நிறையப் புகழ்ந்து தள்ளுவோம். அரைமணி நேரம் பேசினேன். சத்தியம்கூடச் செய்தேன், எனக்கே வெட்கமாக இருந்தது. கடைசியில், அவர்கள் பட்டியல் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது, இருபத்தாறாம் தேதி கடைசித் தேர்வு, கூட்டிக்கொண்டு வந்தால் பார்க்கிறேன், உறுதி எதுவும் கிடையாது என்றார்.

ஐயாக்குட்டியிடம் சொன்னேன். நம்பவில்லை. இதிலும் உங்களுக்கு ஏதாவது இருக்குமே அண்ணாச்சி என்றார், கோபமில்லாமல். நானும் கூட வருகிறேன் என்ற பிறகுதான் சரி என்றார்.

மே 26, திங்கள்

சென்னை. காலையில் ரயில் இறங்கி நேராக மைதானம். முப்பதுக்கு மேல் பிள்ளைகள், பாதிப் பேர் காரில் வந்தவர்கள். மீதம் இருப்பது ஒரு இடம் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். ஐயாக்குட்டி இங்கேயும் வேலிக்கு வெளியே நிற்கப் போனார். கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து பக்கத்தில் உட்கார வைத்தேன்.

ஆடினாள். எந்தக் கை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வலது பக்கம் ஆள் வந்தால் இடது பக்கம் போனாள், இடது பக்கம் வந்தால் வலது. வராது என்று நான் பொய் சொன்ன பக்கத்தை நான்கு மாதத்தில் வலதுக்குச் சமமாக்கி வைத்திருக்கிறாள். ஒரு கட்டத்தில் கை தட்டினேன். இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

முடிந்ததும் அவர்களுடைய கோச் எங்களிடம் வந்தார். இளவயசுக்காரர், விசில் கழுத்தில். உடம்பு இன்னும் தேற வேண்டும், தடுத்து ஆடும்போது கால் தாமதமாக வருகிறது, பார்த்துச் சொல்கிறோம் என்றார். ஐயாக்குட்டியின் கை என் முழங்காலில் வந்து விழுந்தது.

கோச் என்ன சொன்னார் என்று வெளியே டீக்கடையில் அவள் கேட்டாள். அப்பா சொல்லவில்லை. நான் சொன்னேன்.

“குறை சொன்னாரா?” என்று கேட்டுவிட்டு டீயை ஆற்றினாள். “அப்ப அவருக்குப் பிடிச்சிருக்கு அண்ணாச்சி.”

அவள் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் விட்டால் அதுவும் ஒரு பொய்.

“இது நெசம் தாயி. கால் லேட்டாத்தான் வருது. நான் ஜனவரியிலயே பார்த்தேன். இருக்கிற குறையை விட்டுட்டு இல்லாததைச் சொன்னேன்.”

டம்ளருக்கு மேலாக என்னையே பார்த்தாள், எடை போடுகிற மாதிரி. “இது நெசமா?”

“நெசம்.”

“எப்படிச் சரி பண்ணணும்?”

“எனக்குத் தெரியாது. பார்க்கத்தான் தெரியும். மத்தபடி நீ நல்லா ஆடுற.”

கடைசியில் சொன்னதை நம்பினாளா என்று தெரியவில்லை. கால் விஷயத்தை நம்பிவிட்டாள். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது பக்கவாட்டில் இரண்டடி வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐயாக்குட்டி, ரோட்டில் என்ன ஆட்டம் என்று ஏசினார்.

ஜூன் 2, திங்கள்

ரகோத்தமன் போன் செய்தார். எடுத்துக்கொண்டார்கள். படிப்பு, விடுதி, சாப்பாடு, எல்லாம். பதினாறாம் தேதி சேர வேண்டும்.

“கையில இருந்ததைக் குடுத்துட்டீங்களே அண்ணாச்சி. வருத்தமா இருக்கா?”

ஆமாம் என்றேன். இருக்கிறது என்றே சொன்னேன்.

ஐயாக்குட்டிக்குச் சொன்னேன். சரி அண்ணாச்சி என்றார். அதே சரி. அவர் இன்னும் என்னை மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் வேண்டாம். ஷெட்டில் கணக்கு முடித்துக்கொண்டு வரச் சொல்லிப் பிள்ளைக்கு ஆள் அனுப்பப் போகிறேன் என்றார்.

மாலை கல்லூரிக்குப் போனேன். திண்டுக்கல் பிள்ளை மைதானத்தில் மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருந்தது. பரவாயில்லை, தேறும். சாயங்கால வெயிலில் தெரஸ் விசிலோடு நின்றது. விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷம் என்றது, முகத்தில் இல்லை. டிசம்பரில் பல்கலைக்கழகப் போட்டிகளுக்கு நடுவே ஒரு அழைப்புப் போட்டி, அந்தச் சென்னைக் கல்லூரியும் வருகிறது.

“அவளை அஞ்சு மாசமாப் பார்த்திருக்கீங்க. எங்கதான் அண்ணாச்சி குறை? எந்தப் பக்கம் அடிச்சா விழுவா?”

தெரியவில்லை என்றேன். உங்களுக்கா தெரியாது என்றது. நிஜமாகவே ஒன்றும் தென்படவில்லை என்று சொல்லிவிட்டுக் குதிகாலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

டிசம்பருக்குள் காலைச் சரிசெய்திருப்பாள். இல்லாமல் போகப்போகிற குறையைச் சொல்லி இந்தப் பிள்ளைகளை ஏன் வீணாக ஓட வைப்பது.